கடல் பாதுகாப்பில் சமூக அறிவியல் உள்ளகப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன் வட்டாரத்துக் கடலோர ஊர்களுக்குக் கள ஆய்வுக்காக வரும் மாணவர்களுக்கு வழிகாட்டுவது சில ஆண்டுகளாக என் வேலையில் ஒரு பகுதியாக இருந்துவருகிறது. தொலைபேசியிலும் கடிதத்திலும் அவர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை மன்னார் வளைகுடாவையும் பாக் விரிகுடாவையும் சேர்ந்தவை. எனக்கு நெருக்கமாகத் தெரிந்த கடல் அதுதான்.

கடல் பாதுகாப்புக்கும் சமூக அறிவியலுக்கும் என்ன சம்பந்தம்? அது கடல் உயிரியல் படித்தவர்களின் வேலை இல்லையா?

மன்னார் வளைகுடாவையே எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986இல் தேசியப் பூங்கா ஆனது. அதையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறை எங்கே இருக்கிறது, கடற்புல் எங்கே அடர்ந்திருக்கிறது, கடற்பசு எங்கே மேய்கிறது என்பதை உயிரியலாளர் சொல்லிவிடுவார். ஆனால் அந்தத் தீவுகளில் தலைமுறை தலைமுறையாக இறங்கி இளைப்பாறியவர்களும், தீவோரத்து ஆழம் குறைந்த நீரில் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்களும் அறிவிப்புக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு அவருடைய கருவிகளில் விடை கிடைக்காது.

2001இல், கடலடி மண்ணில் ஊர்ந்து வாழும் உயிரான கடல் அட்டை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதாவது புலிக்கும் யானைக்கும் உள்ள சட்டப் பாதுகாப்பு அதற்கும் கிடைத்தது. அதுவரை வெளிப்படையாக நடந்துவந்த ஒரு தொழில் ஒரே அறிவிப்பில் குற்றமாயிற்று. அட்டையின் எண்ணிக்கை அதனால் கூடியதா என்பது உயிரியல் கேள்வி. அட்டையை மூழ்கி எடுத்தவர்கள் எந்தத் தொழிலுக்கு மாறினார்கள், கடன் யாரிடம் ஏறியது, தடையை எத்தனை பேர் நியாயமானதாக ஏற்றார்கள் என்பவை சமூக அறிவியல் கேள்விகள். இந்த இரண்டாம் வகைக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் போடப்படும் விதி, ரோந்துப் படகு கண்ணில் படும்வரை மட்டுமே விதியாக இருக்கும்.

உள்ளகப் பயிற்சி என்றால் சரியாக என்ன? வேலையா, படிப்பா, தொண்டா?

படிப்பின் நீட்சி என்று சொல்வேன். ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதம்வரை ஓர் அமைப்பின் ஆய்வோடு சேர்ந்து, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில், வரையறுத்த ஒரு பகுதியைச் செய்து, எழுத்தில் ஒப்படைப்பது. தொண்டு வேறு. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைக் காப்பாற்றிவருகிறார்கள். அது அருமையான தொண்டு. அங்கே கையில் பை, இங்கே கையில் குறிப்பேடு. கடலோர வாழ்க்கையே பழக்கமில்லாத ஒருவர் முதலில் அத்தகைய நடையில் ஒரு பருவம் கலந்துகொண்டுவிட்டுப் பயிற்சிக்கு வருவதை நான் வரவேற்பேன்.

நான் பி.ஏ. படிக்கிறேன். அறிவியல் பாடமே எடுத்ததில்லை. எனக்கு இடம் உண்டா?

உண்டு. பொருளாதாரம், சமூகவியல், மானிடவியல், சமூகப்பணி, புவியியல், சட்டம், வரலாறு, இதழியல் ஆகிய எல்லாத் துறை மாணவர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. மீன் கம்பெனியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர் அந்தக் கம்பெனிக்கே மீனைப் போட வேண்டியிருக்கும்போது விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது பொருளாதார மாணவருக்குரிய கேள்வி. கடலில் எது பொது, எது யாருடைய உரிமை என்பது சட்ட மாணவருக்கு ஆயுள் முழுவதற்கும் போதுமான கேள்வி.

தமிழ் இலக்கியம் படித்த மாணவர்களைத் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன், ஏனென்றால் அவர்கள்தான் தங்களுக்கு இதில் இடமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடற்பசுவுக்கு ஆவுளியா, பாசிகளில் ஒன்றுக்கு மரிக்கொழுந்து, மற்றொன்றுக்குக் கட்டக்கோரை, இன்னொன்றுக்குக் கஞ்சிப்பாசி, நீரோட்டத்துக்கு நீவாடு என்று மக்களிடம் புழங்கும் பெயர்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அவதானிப்பு இருக்கிறது. அவற்றைக் காது கொடுத்துக் கேட்டுப் பிழையின்றி எழுதத் தெரிந்தவர் கிடைத்தால் ஆய்வின் தரமே மாறிவிடும்.

எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா?

வரலாம். வேலையில் பெரும்பகுதி ஏலக்கூடத்திலும், நண்டு கம்பெனி வாசலிலும், வலை பின்னும் கொட்டகையிலும், வீட்டுத் திண்ணையிலும்தான் நடக்கிறது. படகில் ஏற நேர்ந்தால் உயிர்காப்புச் சட்டை இல்லாமல் ஏறக் கூடாது. நீச்சல் தெரிந்தவருக்கும் இதுவே விதி.

எங்கே விண்ணப்பிப்பது?

கடலையும் மக்களையும் சேர்த்துப் பார்க்கும் அமைப்புகள் சிலவற்றைச் சொல்கிறேன். பெங்களூரிலுள்ள தக்ஷிண் அறக்கட்டளை மீனவ சமூகங்களின் வள ஆளுகை குறித்து ஆய்வு செய்கிறது. சென்னையில், மீன்பிடித் தொழிலாளர்களுக்கு ஆதரவான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐ.சி.எஸ்.எஃப். சிறுதொழில் மீனவர்களின் உரிமைகள் பற்றி நீண்டகாலமாக ஆவணப்படுத்திவருகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பூம்புகாரில் மீனவர்களுக்கான மையம் ஒன்றை நடத்துகிறது. தஞ்சாவூர் மாவட்டக் கரையில் ஓம்கார் அறக்கட்டளை கடற்புல், கடற்பசு ஆகியவை குறித்து ஊர்களோடு சேர்ந்து பணியாற்றுகிறது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபத்தில் நிலையம் உள்ளது. அதன் சமூகப் பொருளாதாரப் பிரிவுதான் கடல் மீனவர் கணக்கெடுப்புகளை நடத்தியது. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், சென்னையில் நீடித்த கடலோர மேலாண்மைக்கான தேசிய மையம் ஆகியவற்றையும் அணுகிப் பார்க்கலாம்.

இவை எல்லாம் ஆண்டுதோறும் அறிவிப்பு வெளியிடும் என்று காத்திருக்க வேண்டாம். அமைப்பு அண்மையில் வெளியிட்ட அறிக்கை ஒன்றை முழுமையாகப் படித்துவிட்டு, அதை எழுதியவருக்கே கடிதம் எழுதுங்கள். பெரும்பாலான இடங்கள் இப்படித்தான் கிடைக்கின்றன.

விண்ணப்பக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

உங்களுக்குள் எழுந்த ஒரு கேள்வியை எழுதுங்கள். கடலின் மீது உங்களுக்கு உள்ள அன்பைப் பற்றிய பத்தியைவிட அது பயன்படும். "மீன்பிடித் தடைக்கால நிவாரணத் தொகை வரும்வரை பெண்கள் வீட்டுச் செலவை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். வேறெதையும் படிக்காமலேயே அவரை வரச் சொல்லலாம் என்று தோன்றியது. தமிழில் பேசவும் எழுதவும் உங்களுக்கு உள்ள திறனையும், எத்தனை வாரம் முழுமையாகத் தங்க முடியும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உதவித்தொகை கிடைக்குமா? சில இடங்களில் எங்களிடமே பணம் கேட்கிறார்களே?

சில அமைப்புகள் மாத உதவித்தொகை தருகின்றன. சில தங்குமிடமும் சாப்பாடும் மட்டும் தருகின்றன. எதுவுமே தராத இடங்களும் உண்டு. பயணச் செலவு, தங்குமிடம், சாப்பாடு ஆகிய மூன்றையும் யார் ஏற்பது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

முக்குளிப்புப் பயிற்சி போல உண்மையான செலவுள்ள ஒன்றுக்குக் கட்டணம் கேட்பதைப் புரிந்துகொள்ளலாம். பேட்டி எடுக்கவும் தரவு பதியவும் வரும் மாணவரிடமே பெருந்தொகை கேட்பது, அவருடைய உழைப்புக்கு அவரையே விலை கொடுக்கச் சொல்வது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே இந்தத் துறைக்குள் வருவதற்கு அது வழிவகுக்கிறது. கரையில் பிறந்த பிள்ளைகள்தான் முதலில் வெளியே நிற்க நேர்கிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

மே மாத விடுமுறையில் வரலாமா?

வரலாம், ஆனால் எந்தக் காலத்தில் வந்திருக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்; நாட்டுப்படகுகள் போய்வரும். படகுக்காரர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். படகைப் பழுது பார்ப்பதற்கான செலவும் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமும் ஒரே சமயத்தில் வரும் காலமும் அதுதான். அப்போது எடுத்த வருமானக் கணக்கை வைத்து ஆண்டு முழுவதற்கும் முடிவு சொல்லிவிடக் கூடாது.

பாம்பன் வட்டாரத்துக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிக்கும், பாக் விரிகுடாப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் நிலைமை மாறிவிடும். தென்கடல், வடகடல் என்று மக்கள் பிரித்துப் பேசுவதைக் கேட்பீர்கள். "இங்கே எத்தனை படகு இருக்கிறது?" என்ற எளிய கேள்விக்கு ஜூலையில் ஒரு விடையும் டிசம்பரில் வேறொரு விடையும் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

அன்றாடம் என்ன வேலை இருக்கும்?

விடியும் முன்பே ஏலக்கூடத்தில் நிற்பது, பகலில் இரண்டு அல்லது மூன்று பேரிடம் பேசுவது, மாலையில் அன்றைய குறிப்புகளை விரித்து எழுதுவது. மூன்றாவதுதான் கடினம். களைப்பில் அதை ஒரு நாள் தள்ளிவைத்தால், யார் எதை எந்த அழுத்தத்தில் சொன்னார்கள் என்பது மறந்துவிடும். சொல் மட்டும் மிஞ்சும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய ஒரு அக்காவிடம் எங்கள் மாணவர் ஒருவர் "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டார். அந்த அக்கா தம் விரல்களில் சுற்றியிருந்த ஈரத்துணியை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பாறையின் கூர்மை கையைக் கிழிக்காமல் இருப்பதற்காகக் கட்டுவது. எல்லா விரலையும் பிரித்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, "எந்த மாசம் தம்பி? அமாவாசைக்குப் போனதா, பௌர்ணமிக்குப் போனதா? இல்ல, காத்தடிச்சு வீட்டிலேயே கிடந்ததா?" என்று கேட்டார். அந்தப் பெண்கள் கடலுக்குப் போவது நீர் வற்றும் நாட்களைப் பார்த்துத்தான். மாதம் என்ற கட்டத்துக்குள் அவருடைய வருமானம் அடங்கவில்லை. அன்று மாலை நாங்கள் கேள்வியையே மாற்றி எழுதினோம்.

எங்கள் பேராசிரியர் ஐம்பது கேள்விகள் கொண்ட கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார். அதைத் தமிழாக்கிப் பயன்படுத்தலாமா?

நேரடியாகப் பயன்படுத்த வேண்டாம். பவளப்பாறைப் பகுதி மக்களின் சமூகப் பொருளாதார நிலையைக் கண்காணிப்பதற்காக உருவாக்கப்பட்ட 'சாக்மான்' கையேடு பல நாடுகளில் பயன்படுகிறது. தெற்காசியாவுக்கென்றே அதற்குத் தனி வழிகாட்டியும் உண்டு. எதைக் கேட்கலாம் என்பதற்கு அது நல்ல துணை. எப்படிக் கேட்பது என்பதை ஊரில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன மாத வருமானக் கேள்வியே அதற்குச் சான்று.

சொற்களிலும் பள்ளங்கள் உண்டு. "கடல் பாதுகாப்பு பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வித்தாளில் இருந்தது. பதில்கள் எல்லாம் கடற்படை, ரோந்து, அடையாள அட்டை, கரை திரும்பாத படகு என்றே வந்தன. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்பது இங்கே காவல் துறையின் பிரிவு; ஆகவே பாதுகாப்பு என்ற சொல்லுக்கு மீனவர் காதில் முதலில் அந்தப் பொருள்தான் விழும். பவளப்பாறையை மனத்தில் வைத்துக் கேட்டவருக்குக் கிடைத்தது வேறொன்று. பிழை பதில் சொன்னவருடையது அல்ல. "மீன் குறையாமல் இருக்க என்ன செய்யலாம்?", "இந்தப் பாறையில் முன்பு என்ன கிடைத்தது, இப்போது என்ன கிடைக்கிறது?" என்று கேட்டபோது மணிக்கணக்கில் பேசினார்கள்.

ஐம்பது கேள்விகளைப் பதினைந்தாகக் குறையுங்கள். ஐந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள், மறுபடியும் திருத்துங்கள். கணக்கெடுப்பில் ஏற்கெனவே உள்ளதை மீண்டும் கேட்டு அவர்களுடைய நேரத்தை வீணாக்க வேண்டாம். தமிழ்நாட்டின் 573 கடல் மீனவ ஊர்கள் பற்றிய அடிப்படைத் தகவல்கள் 2010 கணக்கெடுப்பிலேயே அச்சில் உள்ளன.

ஊருக்குள் போவதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

இரண்டு வகை அனுமதி உண்டு. முதலாவது சட்டப்படியானது. தேசியப் பூங்காவின் எல்லைக்குள், அதாவது தீவுகளுக்கோ அவற்றைச் சுற்றிய கடலுக்கோ, ஆய்வுக்காகச் செல்வதற்கு வனத்துறையின் அனுமதி தேவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு இதைப் பற்றியது. உங்களை ஏற்ற அமைப்பு அதைப் பெற்றிருக்க வேண்டும். கடிதத்தின் படி உங்கள் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது ஊரின் அனுமதி. ஊர்த்தலைவர், ஊர்க் கமிட்டி, சங்கம், சில ஊர்களில் பங்குத் தந்தை, சில ஊர்களில் ஜமாத் என்று அது மாறும். முதல் நாள் யாருடைய வீட்டில் இறங்குகிறீர்களோ அவருடைய ஆளாகவே பிறகு பார்க்கப்படுவீர்கள் என்பதால், முதல் நாள் வருகையை வழிகாட்டியோடு கலந்து முடிவு செய்யுங்கள். வயதில் பெரியவரை ஐயா என்றும், மற்றவரை அண்ணே, அக்கா என்றும் அழையுங்கள். சார், மேடம் என்று தொடங்கினால் அதிகாரி என்று நினைத்து மனுக் கொடுக்க வருவார்கள். அவர்களுக்கு அந்த ஏமாற்றத்தைத் தரக் கூடாது.

ஊர்க் கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்களே பேசுவார்கள். கமிட்டியிடம் அனுமதி பெற்றுவிட்டதால் பெண்களின் சம்மதமும் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களிடம் தனியாகக் கேளுங்கள்.

நான் பெண். தனியாகத் தங்க வீட்டில் அனுமதிக்கவில்லை. என்ன செய்வது?

பெற்றோரை அமைப்பின் பொறுப்பாளரோடு நேரடியாகப் பேச வையுங்கள். தனி அறை எடுப்பதைவிட, ஊரில் மதிப்புள்ள ஒரு குடும்பத்தில் தங்குவதையோ இரண்டு மாணவிகள் சேர்ந்து தங்குவதையோ நான் பரிந்துரைப்பேன். இருட்டுவதற்கு முன் பேட்டிகளை முடிப்பது, எங்கே போகிறோம் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது, தொந்தரவு நேர்ந்தால் யாரிடம் புகார் செய்வது என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுப்பது ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்வது அமைப்பின் கடமை. இவற்றைக் கேட்டதற்கு முகம் சுளிக்கும் அமைப்புக்குப் போக வேண்டாம்.

கருவாடு காயவைப்பவர்கள், மீன் விற்பவர்கள், பாசி எடுப்பவர்கள் ஆகிய பெண்களைப் பற்றி ஆய்வுலகில் எழுதப்பட்டது குறைவு என்பதையும், மாணவிகளிடம் அவர்கள் பேசும் அளவுக்கு மாணவர்களிடம் பேசுவதில்லை என்பதையும் உங்கள் பெற்றோருக்குச் சொல்லலாம்.

இருபது பேரிடம் பேசியது ஆய்வாகுமா? "எண்கள் எங்கே?" என்று கேட்கிறார்களே?

எத்தனை பேர் என்பது கேள்வியைப் பொறுத்தது. எத்தனை வீடுகளுக்குக் கடன் இருக்கிறது என்று சொல்வதற்கு இருபது போதாது. கடன் எப்படி ஏறுகிறது, ஏன் இறங்குவதில்லை என்று காட்டுவதற்கு, நன்றாகத் தேர்ந்தெடுத்த இருபது பேர் போதும். படகு வைத்திருப்பவர், பங்குக்குப் போகிறவர், வியாபாரி, தொழிலை விட்டவர், விதவை என்று தரப்புகள் விடுபடாமல் இருப்பதுதான் முக்கியம். யாரை விட்டுவிட்டீர்கள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

ஒருவர் தடை செய்யப்பட்ட கடல் அட்டையைப் பிடிப்பதாக என்னிடமே சொன்னால் என்ன செய்வது?

மாணவர்கள் அஞ்சிக் கேட்கும் கேள்வி இது, அஞ்சுவது சரிதான். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன தடையை மீறுவதற்குத் தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுகள்வரை சிறை. உங்கள் குறிப்பேட்டில் உள்ள ஒரு பெயர் ஒரு குடும்பத்தைச் சிதைத்துவிடக் கூடும். ஆகவே பெயருக்குப் பதில் குறியீட்டு எண் எழுதுங்கள். ஊர், படகு எண், இடக்குறிப்பு ஆகியவற்றை அதே பக்கத்தில் எழுதாதீர்கள். குறியீட்டுப் பட்டியல் உங்கள் கைப்பேசியில் இருக்கக் கூடாது. பேச்சு அந்தத் திசையில் திரும்பும்போதே, "ஐயா, இதில் பெயர் எதுவும் வேண்டாம்" என்று நிறுத்திச் சொல்லிவிடுவது அவருக்கும் உங்களுக்கும் நல்லது. எந்த நிலையிலும் வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். நீதிமன்றம் கேட்டால் மாணவருக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. நடந்ததை அன்றே வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

உளவு சொல்வது உங்கள் வேலை அல்ல, உடந்தையாவதும் அல்ல. அவர் ஏன் அதைச் செய்கிறார் என்பதை அறிவதே வேலை. அக்கரையில், இலங்கையில், அதே அட்டையை உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். ஒரே கடலில் ஒரே உயிர் ஒரு பக்கம் குற்றமாகவும் மறுபக்கம் தொழிலாகவும் இருப்பதைத் தினமும் காண்பவரிடம், அட்டை கடலடி மண்ணைச் செரித்துத் தூய்மையாக்குகிறது என்று நீங்கள் விளக்கினால் அவர் கேட்டுக்கொள்வார்; சட்டம் நியாயமானது என்று ஒப்புக்கொள்வதற்கு அது போதாது. அந்த இடைவெளியை எழுதுங்கள்.

இலங்கைப் பிரச்சினை பற்றிப் பேச்சு வந்தால் நான் என்ன சொல்ல வேண்டும்?

பேச்சு கட்டாயம் வரும். கைதானவரின் வீட்டுத் திண்ணையிலேயே நீங்கள் உட்கார்ந்திருக்கக் கூடும். முதலில் கேளுங்கள். அதே சமயம் முழுப் படமும் தெரிந்திருக்கட்டும். விசைப்படகு இழுத்துச் செல்ல, கடலின் அடியை வாரிச் செல்லும் வலையான இழுவை மடியால் தங்கள் வலையை இழப்பவர்களில் வட இலங்கையின் தமிழ் மீனவர்களும் இருக்கிறார்கள், இக்கரையின் நாட்டுப்படகு மீனவர்களும் இருக்கிறார்கள். இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. இங்கே பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு 1990களிலிருந்து இருந்துவருகிறது; சொந்தக் கரைக்குள்ளேயே மோதல் இருந்ததால்தான் அது வந்தது. இதை இரு நாடுகளின் சண்டையாக மட்டும் சுருக்கி எழுதும் அறிக்கையில், மிகவும் இழந்தவர்களின் குரல் இருக்காது.

கடைசியில் நான் கடலின் பக்கமா, மீனவர்களின் பக்கமா?

இந்தக் கேள்வி எழுவதற்கே காரணம், கட்டுப்பாடு என்றால் வெளியிலிருந்து வருவது என்று நாம் பழகிவிட்டதுதான். பழவேற்காடு ஏரியில் பாடு என்றொரு முறை இருக்கிறது. இறால் படும் இடங்களில் யார் எந்த நாளில் வலை வைப்பது என்பதை ஊர்களே சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து, மாதத்தில் 12 நாட்களே எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு வைத்துக்கொண்டார்கள். அந்த முயற்சியை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் ஊரைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் சூழலைக் காக்க உழைக்கும் சீகாலஜி என்ற அமைப்பின் விருது 2015இல் கிடைத்தது. கடலைக் காப்பவர், கடலால் வாழ்பவர் என்று இவர்களை எப்படிப் பிரிப்பீர்கள்?

அதற்காக ஊர் சொல்வதெல்லாம் சரி என்றும் எழுத வேண்டாம். பாடு முறையில் எல்லாச் சமூகத்தாருக்கும் பங்கு கிடைப்பதில்லை. தடை செய்யப்பட்ட வலையை ஒரே ஊரில் சிலர் பயன்படுத்தச் சிலர் எதிர்ப்பார்கள். கடந்த காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை வெட்டப்பட்டதும், 21 தீவுகளில் இரண்டு இன்று நீரில் மூழ்கிக் கிடப்பதும் எல்லோரும் அறிந்தவை. உங்களுக்குச் சோறு போட்ட வீட்டுக்குப் பிடிக்காத உண்மையையும் எழுத வேண்டியிருக்கும். எழுதுவதற்கு முன் அவர்களிடமே அதைச் சொல்லிவிடுங்கள்.

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448.34 சதுர கிலோமீட்டர் கடல் 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. சட்டப்படி பாதுகாப்பகம் என்பது தேசியப் பூங்காவைப் போன்றதல்ல. அறிவிப்பதற்கு முன் அப்பகுதி மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். ஏட்டில் உள்ள அந்தக் கலந்தாலோசனை கரையில் எப்படி நடக்கிறது, யார் பேசுகிறார்கள், யார் பின்வரிசையில் நின்று கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள் என்பதை ஆண்டுதோறும் பதிவு செய்ய இளைஞர்கள் தேவை. இப்போது தலைப்புத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எடுத்த புகைப்படங்களை இன்ஸ்டாகிராமில் போடலாமா?

சம்மதம் இல்லாமல் கூடாது. குழந்தைகளின் படம் சம்மதம் இருந்தாலும் வேண்டாம். ஆமையோ கடற்பசுவோ வலையில் சிக்கிய படத்தை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். படகு எண் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை அட்டை பற்றிய பதிலிலேயே சொல்லியிருக்கிறேன்.

இதை முடித்தால் வேலை கிடைக்குமா?

நேரடியாகக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆய்வு உதவியாளர் பணிகள் பெரும்பாலும் திட்டக் காலத்துக்கு மட்டுமே. மேற்படிப்புக்கும், கடலோர வளர்ச்சிப் பணிகளுக்கும், இதழியலுக்கும் இது உண்மையான தகுதியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. சான்றிதழைவிட, உங்கள் பெயரில் உள்ள ஒரு நல்ல அறிக்கையே பேசும்.

"இதனால எங்களுக்கு என்ன லாபம்?" என்று ஊர்க்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். "நான் மாணவர், படிக்க வந்திருக்கிறேன். என்னால் திட்டம் எதுவும் கொண்டுவர முடியாது. எழுதியதைப் போவதற்கு முன் உங்களிடம் படித்துக் காட்டுவேன்." இவ்வளவுதான் உங்களால் தரக்கூடிய வாக்கு, அதனால் அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும். "போன வருசம் வந்த பிள்ளையும் இதையேதான் கேட்டுச்சு, அப்புறம் ஆளையே காணோம்" என்று ஓர் ஆத்தா என்னிடம் சொன்னபோது பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அந்தப் பிள்ளையை அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு, கடைசி வாரத்தை ஊருக்கென்று ஒதுக்காத எந்தப் பயிற்சித் திட்டத்துக்கும் நான் ஒப்புதல் தருவதில்லை.

இரண்டு பக்கம், தமிழில், பெரிய எழுத்தில் போதும். அதை உரக்கப் படியுங்கள்; படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள். ஆண்கள் கூடும் இடத்தில் ஒருமுறையும், பெண்கள் கூடும் இடத்தில் ஒருமுறையும் படியுங்கள். ஒருமுறை மூன்று மாதம் உழைத்து வரைந்த மீன்பிடி இட வரைபடத்தை எங்கள் மாணவி ஒருவர் வலைக் கொட்டகையின் தரையில் விரித்தார். பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்து, ஒரு பாறையின் பெயரைக் காட்டி, "இது இங்க இல்லம்மா" என்றார். பக்கத்திலிருந்தவர் மறுத்தார். பத்து நிமிடத்தில் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், கரிக்கட்டையும் வந்தது. அன்று மாலைக்குள் நான்கு பாறைகள் இடம் மாறின, இரண்டு புதிதாகச் சேர்ந்தன. திருத்திய படியில் ஒன்றைக் கமிட்டிக் கட்டடத்தின் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். மாணவி ஒட்டிவிட்டுத்தான் பேருந்து ஏறினார்.